ஊசி போட்டும் உடம்பு தேறவில்லையே!

தராசும் படிக்கல்லும் இல்லாமலே எடை போடத் தெரிந்தவர்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள். லீவுக்கு ஊருக்கு வந்த பேரனை வாசற்படியிலேயே நிறுத்தி, கன்னத்தையும் முழங்கையையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா கண்ணா, இப்படித் துரும்பாய் இளைச்சுப் போயிட்டே!" என்று அங்கலாய்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பேரன் இளைத்திருக்க மாட்டான். பாட்டியின் பாசம்தான் பெருத்திருக்கும்.

ஆனால், சில வீடுகளில் பாட்டி சொல்வது உண்மையாகவே இருந்து விடுகிறது. பையனுக்கோ பெண்ணுக்கோ சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதிலும் சிறு வயதில் வருகிற முதல் வகை நீரிழிவு. வேறு வழியில்லை, தினமும் இன்ஸுலின் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். அழுகையெல்லாம் ஓய்ந்து, ஊசியும் பழகி, "இனிமேல் உடம்பு தேறிவிடும்" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிற சமயத்தில், பையன் தேறாமல் மேலும் இளைத்துக் கொண்டே போனால் எப்படி இருக்கும்?

இம்மாதிரி சமயத்தில் வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றி விடும். ஒரு கட்சி, "இந்த ஊசிதான் உடம்பை உருக்குகிறது. நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியம் பாருங்கள்" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "சர்க்கரை வியாதி என்றால் இளைக்கத்தான் இளைக்கும். இதற்குப் போய்க் கவலைப்படுவார்களா?" என்று சமாதானம் சொல்லும். முதல் கட்சியின் பேச்சைக் கேட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது கட்சியின் பேச்சைக் கேட்டால், கண்டுபிடித்துக் குணப்படுத்தக் கூடிய ஏதோ ஒரு கோளாறு சத்தமில்லாமல் வளர்ந்து கொண்டிருக்கும்.

உண்மை என்ன? இன்ஸுலின் ஆரம்பித்த பிறகு இழந்த எடை திரும்பி வரத்தான் வேண்டும். வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்கள் என்னென்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

பட்டினியே மருந்தாக இருந்த காலம்

1922-ஆம் வருஷம், ஜனவரி மாதம் 11-ஆம் தேதி. கனடாவில் டொரான்டோ நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்ஸன் என்ற பையன் படுத்திருந்தான். வயது 14. எடையோ 65 ராத்தல். அதாவது 30 கிலோவுக்கும் குறைவு. அவனுக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாக நீரிழிவுக்கு இன்ஸுலின் ஊசி போட்டார்கள். பான்டிங் என்ற இளம் டாக்டரும், அவருக்கு உதவியாக இருந்த பெஸ்ட் என்ற மாணவரும், பேராசிரியர் மக்லியோடின் ஆராய்ச்சிக் கூடத்தில் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த சாறு அது.

முதல் ஊசி அவ்வளவாகப் பலன் தரவில்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி கிளம்பியதுதான் மிச்சம். பிறகு காலிப் என்ற ரசாயன நிபுணர் அந்தச் சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். ஜனவரி 23-ஆம் தேதி மறுபடியும் ஊசி போட ஆரம்பித்தார்கள். பையனின் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. முகத்தில் களை வந்தது. மறு வருஷமே பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பான்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியோட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் இந்த வியாதிக்கு இருந்த பெரிய வைத்தியம் என்ன தெரியுமா? பட்டினி! அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர், உணவைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாக நோயாளியின் உயிரைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருக்கும் முறையைக் கையாண்டு வந்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருத்தி, அமெரிக்க வெளிநாட்டு மந்திரியாக இருந்த சார்லஸ் ஈவான்ஸ் ஹியூஸின் மகள் எலிஸபெத். 11-வது வயதில் வியாதி கண்ட அந்தப் பெண், 1922 ஆகஸ்டில் டொரான்டோவுக்கு வந்தபோது 45 ராத்தல்தான் இருந்தாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எடை சுமார் 20 கிலோ! இன்ஸுலின் போட்டுக் கொண்டாள், வயிறாரச் சாப்பிட்டாள், தேறினாள். கல்யாணம் செய்து கொண்டு, குழந்தைகள் பெற்று, 1981-ல் தம் 73-வது வயதில்தான் அந்த அம்மாள் காலமானார். அதே வருஷம் டொரான்டோவுக்குத் தூக்கிக் கொண்டு வரப்பட்ட டெடி ரைடர் என்ற ஐந்து வயதுப் பையனின் எடை 12 கிலோ. மறு வருஷம் அவன் பான்டிங்குக்குக் கடிதம் எழுதி, தான் இப்போது குண்டுப் பையன் ஆகிவிட்டதாகவும், மரம் ஏறுவதாகவும் பெருமையடித்துக் கொண்டான். 1993 வரை வாழ்ந்தான் அந்தக் குண்டுப் பையன்.

இந்தக் கதைகளையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உருகிப் போன உடம்பை மீட்டுக் கொடுப்பதற்கென்றே வந்த மருந்து இன்ஸுலின். "ஊசிதான் உருக்குகிறது" என்று சொல்கிறவர்களுக்கு டெடி ரைடரே பதில்.

பூட்டிக் கிடக்கும் களஞ்சியம்

சர்க்கரை வியாதியில் உடம்பு ஏன் இளைக்கிறது? ஒரு களஞ்சியத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வாசலில் நெல் மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, சாவியைக் காணோம். மூட்டைகள் தெருவிலேயே கிடக்கின்றன. மழை கொட்டுகிறது, நெல் சாக்கடையோடு போகிறது. உள்ளே இருப்பவர்களோ குளிர் தாங்காமல், ஜன்னல் கட்டையையும் உத்தரத்தையும் பெயர்த்து அடுப்பில் வைக்கிறார்கள்!

நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் வந்து இறங்குகின்றன. தசைகளுக்குள் அது புகுவதற்குச் சாவி இன்ஸுலின். முதல் வகை நீரிழிவில் கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் செல்கள் அழிந்து போகின்றன. சாவி இல்லாததால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. அது சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. போகிற போக்கில் உடம்பிலுள்ள தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு 100 கிராம் சர்க்கரை இப்படிப் போனால் 400 கலோரி நஷ்டம். கிட்டத்தட்ட ஏழெட்டு இட்லியைத் தின்று, அப்படியே கொட்டிவிட்ட கணக்குத்தான்! பசித்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிக்க ஆரம்பிக்கிறது. அதுதான் இளைப்பு.

சாவி கிடைத்தவுடன் இதெல்லாம் நின்றுவிட வேண்டும். எடை ஏறுகிறது. சிலருக்கு ஆரம்பத்தில் உடம்பில் நீர் தங்கிக் கால் லேசாக வீங்குவதும் உண்டு. சில நாளில் அந்த நீர் வடியும்போது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இறங்கிக் கொண்டே போவதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

எடை குறையும்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விடையைப் பொறுத்துத் தேடும் பாதையே மாறிவிடும்.

முதல் சந்தேகம் ஊசியின் மேல்

சர்க்கரை ஏறியே இருக்கிறது, எடையும் குறைகிறது என்றால், போட வேண்டிய இன்ஸுலின் உடம்பில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். "தினமும் தவறாமல் போடுகிறோமே!" என்பீர்கள். போடுவது வேறு, போய்ச் சேருவது வேறு.

மருந்துப் புட்டியையும் ஸிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டில் இன்ஸுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். இன்னொன்றில் 100 யூனிட். 40-க்கு உரிய ஸிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஸிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் அல்ல. வெறும் 8 யூனிட்தான்! பையன் இளைக்காமல் என்ன செய்வான்? இதையே தலைகீழாகச் செய்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஸிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது தாழ் சர்க்கரை மயக்கத்தில் கொண்டுபோய் விடும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடாமல், இரண்டிலும் அச்சடித்திருக்கும் எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

அடுத்தது வெயில். பிரிக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். ஐஸ் உறையும் தட்டில் வைத்து, மருந்து உறைந்து போனால் அதைத் தூர எறிய வேண்டியதுதான். பிரித்த புட்டியைச் சாதாரணமாக நான்கு வாரத்துக்கு மேல் உபயோகிக்கக் கூடாது. அதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டு அலமாரியில் கிடந்த இன்ஸுலினுக்கு வீரியம் எங்கே இருக்கும்? ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில், மண்பானையைத் தண்ணீரும் ஈரமணலுமாக நிழலில் வைத்து, மருந்தை மூடிய டப்பியில் போட்டு அதற்குள் வைக்கலாம். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் உபயோகிக்கக் கூடாது. கலங்கலாகவே இருக்க வேண்டிய மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்கிய பிறகுதான் இழுக்க வேண்டும்.

மூன்றாவது, ஊசி போடும் இடம். வலிக்கவில்லை என்பதற்காகத் தினமும் ஒரே இடத்தில் குத்திக் கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் கொழுப்புத் திரண்டு முண்டு முண்டாக நிற்கும். அதில் குத்தினால் மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். இடத்தை மாற்றும்போது மருந்து முழுவதும் வேலை செய்யத் தொடங்கிவிடும் ஆகையால், அளவையும் அவரைக் கேட்டே வைத்துக் கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் அளவே போதாமல் இருக்கலாம். ஊசி ஆரம்பித்த சில வாரங்களில், கணையத்தில் மிஞ்சியிருக்கும் செல்கள் சற்றுத் தெம்பு பெற்று வேலை செய்யும். டாக்டர்கள் இதற்குத் 'தேனிலவுக் காலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாத் தேனிலவும் போல இதுவும் முடிந்துவிடும்! சில மாதங்களிலோ ஒரு வருஷத்திலோ அந்தச் செல்களும் ஓய்ந்த பிறகு பழைய அளவு பற்றாது. பருவ வயதில் வளரும் பிள்ளைகளுக்கும் தேவை கூடிக் கொண்டே போகும். போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் பற்றாதது போலத்தான் இதுவும்.

சமையலறையில் ஒரு பயம்

டாக்டர் ஆலனின் பட்டினி வைத்தியம் 1922-லேயே முடிந்து போயிற்று. ஆனால், நம் வீட்டுச் சமையலறைகளில் அது இன்னும் முடியவில்லை! சோறு ஆகாது, இட்லி ஆகாது, பழம் ஆகாது, பால் கூட யோசித்துத்தான் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, வளருகிற பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சியும் பாகற்காயும் கொடுக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், குற்றம் சொல்ல மனம் வருவதில்லை. சர்க்கரை எண் அழகாக இருக்கும். பிள்ளை மட்டும் தேய்ந்து கொண்டே போகும்.

இன்ஸுலின் போட்டுக் கொள்ளும் பிள்ளைக்கு, அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உணவு வேண்டுமோ அவ்வளவும் வேண்டும். பருப்பு, முட்டை, பால், காய்கறி, அளவான சோறு எல்லாம் வேண்டும். உணவுக்குத் தகுந்தபடி ஊசியைச் சரி செய்வதுதான் முறை. ஊசிக்குப் பயந்து உணவைச் சுருக்குவது முறையல்ல.

சப்பாத்தியைக் கொஞ்சம் கவனியுங்கள்

முதல் வகை நீரிழிவு, உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற வியாதி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் கணையத்துச் செல்களை அடித்துவிடுகிறது. ஒரு தடவை கை நீட்டிப் பழகிய காவல்காரன் வேறு இடத்திலும் கை நீட்டலாம் அல்லவா? அப்படி அவன் குடலில் கை வைத்தால் வருவது 'சீலியாக்' வியாதி.

இந்த வியாதி உள்ளவர்களுக்குக் கோதுமையில் உள்ள 'குளூட்டன்' என்ற புரதம் ஆகாது. சிறுகுடலின் உட்புறம் தேய்ந்து போய், உண்ட சத்து ஒட்டாது. வயிற்று உப்புசம், பேதி, சோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரும். சிலருக்கு எடை குறைவதைத் தவிர வேறு அறிகுறியே இராது. கோதுமைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை நிலைநாட்டியவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டிக்குப் பெரும் பஞ்சம் வந்தபோது, ஊரெல்லாம் வாட, இந்த வியாதிக்காரக் குழந்தைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி இளைத்தன. அதற்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்து வந்த டிக்கே, 1950-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இதுவும் சேர்ந்து வருவதாக உலக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கோதுமை அதிகம் உண்ணும் வட இந்தியாவில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அரிசி உண்ணும் நம் பக்கத்தில் குறைவு. ஆனால், நம் வீட்டில் சர்க்கரை என்று தெரிந்ததும் முதல் காரியமாக என்ன செய்கிறோம்? ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி போடுகிறோம். காலையில் கோதுமை ரவை உப்புமா! லட்சத்தில் பலருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சீலியாக் உள்ள குழந்தைக்கு, எது ஆகாதோ அதையே மருந்து போலக் கொடுப்பதாக முடிந்து விடுகிறது.

ஒரு ரத்தப் பரிசோதனையால் இதைச் சந்தேகிக்கலாம். குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்யலாம். பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் பரிசோதனை பொய் சொல்லிவிடும். வியாதி உறுதியானால் கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் அடியோடு விட வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கூடக் கோதுமை மாவு கலப்பது வழக்கம் என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். நல்ல வேளையாக, இட்லியும் தோசையும் சாதமும் நம் கையில் இருக்கின்றன!

கழுத்திலே ஒன்று, சிறுநீரகத்தின் மேலே ஒன்று

அதே காவல்காரன் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிட்டால், உடம்பு என்ற அடுப்பு அளவுக்கு மீறி எரியும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கழுத்து முன்புறம் சற்றுப் புடைக்கலாம். சர்க்கரையும் கட்டுக்கு அடங்காமல் ஏறும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் அடங்கும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கெட்டுப் போனால் கதை வேறு. 1855-ல் லண்டன் டாக்டர் தாமஸ் அடிஸன் விவரித்ததால் இதற்கு 'அடிஸன் வியாதி' என்று பெயர். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு இருந்ததும் இதுதான். அபூர்வமான வியாதி, ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆளையே கொண்டு போய்விடும். இதில் எடை குறையும்போது சர்க்கரை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். வழக்கமான அளவு ஊசி போட்டாலே அடிக்கடி தாழ் சர்க்கரை வந்து வியர்த்து நடுங்கும். வாரத்துக்கு வாரம் ஊசியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். "பார்த்தாயா, சர்க்கரை குணமாகிக் கொண்டு வருகிறது!" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்படுகிற விஷயமல்ல அது. கூடவே ஓயாத களைப்பு, எழுந்து நின்றால் தலை சுற்றல், உப்பின் மேல் ஆசை, உள்ளங்கை ரேகையிலும் ஈறுகளிலும் கருமை இவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது.

நெஞ்சும் வயிறும்

நம் நாட்டில் இளைப்பு என்றதும் நினைக்க வேண்டிய இன்னொரு பெயர் க்ஷயம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் காச நோய் வருவதற்கு மற்றவர்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிக வாய்ப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரத்தில் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை இவற்றில் எது இருந்தாலும் சளியைச் சோதித்து, மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கு மருந்து இலவசம். ஊட்டச் சத்துக்காக மாதாமாதம் உதவித் தொகை தரும் திட்டமும் 2018-ல் வந்திருக்கிறது.

வயிற்றுக்கு வருவோம். கேரளத்திலும் நம் பக்கத்திலும் மெலிந்த வாலிபர்களுக்கு வரும் ஒரு நீரிழிவு உண்டு. கணையத்தில் கற்கள் தோன்றி அதைக் கெடுத்துவிடும். 1959-ல் இந்தோனேஷியாவில் ஸைடெமா என்ற டாக்டர் இதை விவரித்தார். பிறகு கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து ஆராய்ந்தார். பார்வைக்கு முதல் வகை நீரிழிவு போலவே இருக்கும். ஆனால் சிறு வயதிலிருந்தே அவ்வப்போது கடும் வயிற்று வலி வந்திருக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளும் சுரக்காததால், இன்ஸுலின் மட்டும் போட்டால் உடம்பு தேறாது. சாப்பாட்டோடு நொதி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் எடை ஏறும். வயிற்று எக்ஸ்ரேயிலோ ஸ்கானிலோ கற்கள் தெரிந்துவிடும்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை கண்டு, இன்ஸுலின் போட்டும் விடாமல் எடை குறைந்தால், கணையத்தில் கட்டி ஏதும் இல்லையென்று நிச்சயப்படுத்திக் கொள்வது அவசியம். முதுகு வலியோ மஞ்சள் காமாலையோ கூட இருந்தால் மிக அவசியம்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. ஊசி போட்டால் பருத்து விடுவோமோ என்று பயந்து, பாதி அளவு போட்டுக் கொண்டு, முழு அளவு போட்டதாகச் சொல்லும் இளம் பெண்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பள்ளியில் சிநேகிதர்களுக்கு முன்னால் வெட்கப்பட்டு மத்தியான ஊசியை விட்டுவிடும் பையன்களும் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று ஊசியையே மறைத்து வைக்கச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. தினம் மூன்று நான்கு தடவை, ஞாயிற்றுக்கிழமை கூட விடுமுறை இல்லாமல், ஆயுள் முழுவதும் குத்திக் கொள்ள வேண்டும் என்ற நினைப்பே சிலருக்கு மனச் சோர்வைக் கொடுத்துப் பசியைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் அதட்டிக் கேட்டால் பதில் வராது. "ஊசி போட்டுக் கொள்ளப் பிடிக்கவில்லையாடா? எந்த வேளை ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வரும். வந்த பதிலுக்குக் கோபப்படாமல், அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், காலையில் சாப்பிடுவதற்கு முன், ஒரே எடைக் கருவியில், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதுங்கள். தினமும் பார்க்கும் சர்க்கரை அளவு, போட்ட யூனிட், சாப்பிட்ட சாப்பாடு இவற்றையும் எழுதுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. அதாவது 50 கிலோ ஆளுக்கு இரண்டரைக் கிலோ. வளரும் குழந்தைக்கு எடை குறையவே வேண்டாம். ஏறாமல் அப்படியே நின்றாலே அது குறைவுதான்.

டாக்டரிடம் போகும்போது நோட்டோடு, மருந்துப் புட்டியையும் ஸிரிஞ்சையும் கூட எடுத்துக் கொண்டு போங்கள். அவர் எதிரிலேயே ஒரு தடவை ஊசி போட்டுக் காட்டுங்கள். "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு, ஸார்" என்று சொல்லாதீர்கள். "தை மாதம் 42 கிலோ, இப்போது 38 கிலோ" என்று சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, சீலியாக், மார்பு எக்ஸ்ரே இவற்றில் எது எது தேவை என்று அவரே தீர்மானிப்பார்.

கடைசியாக ஒன்று. காரணம் தெரிகிற வரையில் ஊசியை நிறுத்திப் பார்ப்போமே என்று மட்டும் நினைக்க வேண்டாம். முதல் வகை நீரிழிவில், சாப்பிட முடியாத நாளில் கூட இன்ஸுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு என்பதை டாக்டரைக் கேட்டு மாற்றிக் கொள்ளலாம். எடை குறைவதோடு வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து மூச்சு வாங்குதல், மூச்சில் அழுகிய பழ வாசனை, தூக்கக் கலக்கம் இவை சேர்ந்தால், ரத்தத்தில் அமிலம் பெருகிவிட்டது என்று அர்த்தம். அப்போது நோட்டையும் தேட வேண்டாம், மறுநாள் காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த இரவே, கிடைத்த வண்டியில், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு விடுங்கள்.